வெளுத்ததெல்லாம் பாலா, பேராண்டி?

ஏலே பேராண்டி, இங்கன வா. கழுத்துல தொங்குற அந்தப் பெட்டியை முதல்ல இறக்கி வையி. பாடி ஒரு லட்சம், லென்சு தனியா ஒரு லட்சம்னு சொல்லுதே. இருக்கட்டும். ஒங்கப்பன் சம்பாதிச்சது, நீ செலவழிக்கே. நான் கேக்குறது ஒண்ணுதான். இம்புட்டும் குடுத்து வாங்கி எடுத்த படத்துல, ஒங்க ஆச்சி மூஞ்சி ஏன்டே நீலம் பாரிச்சுக் கெடக்கு? பாம்பு தீண்டுனவளைத் தூக்கி உக்கார வச்சு எடுத்தியா?

கேட்டா, 'ஒயிட் பேலன்ஸ் கொஞ்சம் மிஸ் ஆயிட்டு தாத்தா, ப்ரீசெட் போட்டா சரியாயிரும்'னு சொல்லுதே. போட்டும் காமிச்சே. இப்ப ஆச்சி மஞ்சளாயிட்டா. நேத்து பாம்புக்கடி, இன்னைக்குக் காமாலை. அவளுக்கு எப்பத்தான்டே உடம்பு தேறும்?

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ கேமரா கோணல்னு சொல்லுதே. வேற கம்பெனியில கலர் சயன்ஸ் நல்லா இருக்காம், பாடியை மாத்தணுமாம். ஏலே, ஆச்சியை எங்க உக்கார வச்சே? வடக்குத் தார்சால. மாசம் என்ன? மார்கழி. மார்கழி வெயில் வடக்குத் தார்சாவை எட்டிப் பாக்குமா? பாக்காது. பொறவு அங்க வெளிச்சம் எங்கருந்து வருது? அண்ணாந்து பாரு. நீல வானம். அந்த வானம்தான் ஆச்சி மேல விழுந்திருக்கு. நீ சூரியன் படம் போட்ட குறியை வச்சிட்டு நெழல்ல எடுத்தே. பெட்டி என்ன பண்ணும்? இருந்த நீலத்தை இருந்தபடி எழுதிட்டு. வீடு போட்டுப் பக்கத்துல நெழல் விழுற மாதிரி இன்னொரு குறி இருக்கே, அது எதுக்குன்னு வாங்குன கடையில கேட்டியா? கேட்டிருக்க மாட்டே. எத்தனை மெகாபிக்சல்னு கேட்டிருப்பே.

இதுக்கு நான் வேணாம். ஒங்கம்மாவே போதும். சேலை எடுக்கப் போனா அவ என்ன பண்ணுவா? கடைக்காரன் விரிச்சுப் போட்டதை ஒரு பார்வை பாப்பா. 'இருங்க, வாரேன்'னு கையில அள்ளிக்கிட்டு வாசலுக்குப் போவா. வெயில்ல ஒரு தரம், படிக்கட்டு நெழல்ல ஒரு தரம் முந்தியை விரிச்சுப் பாப்பா. உள்ள கத்தரிப்பூ நெறமா இருந்தது வெளிய வேற என்னவோவா இருக்கும். கடைக்காரனும் வாயைத் தொறக்க மாட்டான். அவன் மாட்டி வச்ச லைட்டோட சங்கதி அவனுக்குத் தெரியாதா? கெல்வின்னா யாருன்னு ஒங்கம்மாவுக்குத் தெரியாது. வெளிச்சம் மாறுனா நெறம் மாறும்ங்கது தெரியும். நீ கோர்ஸ் படிச்சு சர்ட்டிபிகேட்டைச் சுவத்துல மாட்டியிருக்கே. அது மட்டும் நேரா இருக்கு.

ஆனா ஒண்ணு, நம்ம கண்ணும் லேசுப்பட்ட கள்ளன் இல்ல. குண்டு பல்பு எரியுற அடுக்களையிலயும் சோறு வெள்ளையாத் தெரியும். டியூப் லைட் எரியுற பட்டாசாலையிலயும் வெள்ளையாத்தான் தெரியும். சோத்து மேல விழுற வெளிச்சம் ரெண்டு எடத்துலயும் ஒண்ணா? இல்லவே இல்ல. மூளை உள்ளுக்குள்ளயே கூட்டிக் கழிச்சுக்கிடும். 2015-ல ஒரு பொம்பளை உடுப்புப் படம் ஒலகம் பூரா சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? ஒரு கூட்டம் நீலமும் கருப்பும்னு சொன்னுச்சு. இன்னொரு கூட்டம் வெள்ளையும் தங்கமும்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணுச்சு. உடுப்பு நெசத்துல நீலமும் கருப்பும்தான். வெள்ளைன்னு பாத்தவன் குருடன் இல்லடே. அந்தப் படத்துல என்ன வெளிச்சம் விழுந்திருக்குன்னு அவன் மூளை வேற கணக்குப் போட்டுட்டு. மனுச மூளைக்கே இந்தத் தடுமாத்தம்னா, ஒன் பெட்டிக்கு எம்புட்டு இருக்கும்?

இப்ப ஒனக்குக் கெல்வின் கிறுக்கு புடிச்சிருக்கு. 5,500 வைக்கணுமா 5,600 வைக்கணுமான்னு டீக்கடையில ஒன் கூட்டாளிகிட்ட டீ ஆறுற வரைக்கும் மல்லுக்கட்டுனியே, என் காதுலயும் விழுந்துச்சு. அந்த நூறு வித்தியாசம் ஒன் கண்ணுக்குத் தெரியுமா? கோயில்ல வந்து சூடத்தை அணைச்சுச் சொல்லுவியா? மாட்டே. அந்த அளவு எல்லா எடத்துலயும் ஒண்ணுபோல நடக்காது. கீழ 2,800-ல இருந்து 3,000-க்குத் திருப்புனா படம் பளிச்சுன்னு மாறும். மேல 7,800-ல இருந்து 8,000-க்குத் திருப்புனா மாறுனதே தெரியாது. ரெண்டும் 200-தான். சண்டை போடணும்னா கீழ போயி போடு, அர்த்தம் இருக்கும்.

இந்த நம்பரு எங்கருந்து வந்துச்சுன்னு யோசிச்சியா? நம்ம ஆசாரி பட்டறையில போயி நில்லு. துருத்தி ஊத ஊத இரும்பு மொதல்ல கங்குச் செவப்பு. பொறவு மஞ்சள். இன்னும் ஊதுனா வெளுப்பு. அதுக்கும் மேல சூடேத்துனா நீலம் தட்டணும், ஆனா அதுக்குள்ள இரும்பு உருகி ஓடிரும். அந்தச் சூட்டைத்தான் கெல்வின்ல சொல்லுதாங்க. வில்லியம் தாம்சன்னு ஒரு விஞ்ஞானி, கெல்வின் பிரபுன்னு பட்டம் வாங்குனவரு, அவரு பேரு. மெழுகுவத்தி 1,900 பக்கம். குண்டு பல்பு 2,800. உச்சி வெயில் 5,500. மேகம் மூடுனா 6,500. நெழல்னா 7,500, 8,000. இம்புட்டுத்தான் சங்கதி. இதுக்கு ஒனக்கு ஒரு மணி நேர வீடியோ, நடுவுல ஏழெட்டு வெளம்பரம்.

இதுல ஒரு குசும்பு இருக்கு, கேட்டுக்கோ. நம்பரு கூடுனா வெளிச்சம் நீலம்னு சொன்னேன்ல? கேமராவுல நம்பரைக் கூட்டிப் பாரு, படம் மஞ்சளாகும். தலைகீழாப் போகுதேன்னு முழிக்காத. 8,000-னு வச்சா, 'இங்க நீலம் கூடிக் கெடக்கு'ன்னு நீ பெட்டிகிட்டச் சொல்லுதே. அது ஒன் பேச்சை நம்பி மஞ்சளை ஊத்தும். அங்க நெசமாவே நீலம் இருந்தா ரெண்டும் நேராப் போகும். இல்லாத எடத்துல சொன்னா, ஊத்துன மஞ்சள் அப்படியே நிக்கும். ஆச்சிக்குக் காமாலை வந்தது அப்படித்தான். பொறவு திருத்தும்போது நீ நெழலுக்கு வேண்டிய அளவைத்தான் வச்சே, ஆனா அதுக்கு மேல எவனோ செஞ்சு வித்த 'சினிமாட்டிக்' ப்ரீசெட்டையும் போட்டே. அந்தப் ப்ரீசெட் செஞ்சவன் நம்ம தார்சாவைப் பாத்தானா? ஆச்சியைத்தான் பாத்தானா? அவன் ஊரு வெளிச்சத்துக்கு அவன் செஞ்சான். அதைப் போட்டு நெல்லு வயலை எல்லாம் காக்கி நெறமாக்கி, கோயில் கோபுரத்தைப் பாசி புடிச்ச நெறமாக்கி, 'மூட்'னு சொல்லுதே. என்ன மூடோ.

ஆட்டோவுல எடுக்கிறவனைக் கண்டா ஒனக்கு எளக்காரம். மானுவல்ல வச்சாத்தான் கைகாரனாம். ஏலே, சந்தையில போயி ஆட்டோவுல எடுத்துப் பாரு. தக்காளி, வாழைத்தாரு, சாக்குப்பை, ஆளு கூட்டம். நல்லாவே வரும். ஏன்னா அதுக்குத் தெரிஞ்ச வித்தை ஒண்ணு ரெண்டுதான். படத்துல உள்ள நெறத்தை எல்லாம் சேத்துக் கலக்குனா சாம்பல் வரணும்னு நெனைக்கும். வெளுப்பா ஏதாச்சும் கண்ணுல பட்டா அதைப் பாலுன்னு நம்பும். சந்தைக்கு அந்தக் கணக்கு சரி. வயக்காட்டுக்குச் சரியா? நட்ட பயிரு தூர் கட்டி, படம் பூரா பச்சையா நிக்கும்போது, 'அடடா, வெளிச்சத்துல பச்சை கூடிட்டே'ன்னு மெஜந்தாவைக் கலக்கும். பயிரு சோகை புடிச்சு நிக்கும். யூரியா போட்டுத் தீராது.

கல்யாண வீட்டுல இன்னும் மோசம். பொண்ணு அரக்குப் பட்டு கட்டிக்கிட்டு கிட்டக்க நிப்பா. படம் பூரா செவப்பு. வெளிச்சம்தான் செவப்புன்னு நெனைச்சு ஆட்டோ நீலப்பச்சையைக் கலக்கும். ஒரு எட்டு பின்னால போயி எடுத்தா மாப்பிள்ளை வேட்டியும் பூமாலையும் சேரும், நெறம் வேறயா வரும். அதே மேடை, அதே நேரம், ஆல்பத்துல மூணு படத்துல மூணு மூஞ்சி. மாப்பிள்ளை எத்தனை பேருக்குத்தான் தாலி கட்டுனான்னு பாக்குறவன் கேப்பான். அங்கதான் நம்பரைப் பூட்டி வைக்கணும். வெளிச்சம் மாறாத எடத்துல அளவு எதுக்கு மாறணும்?

ஆட்டோ பண்ணுன இன்னொரு கூத்தைக் கேளு. 2020 செப்டம்பர் 9-ஆந் தேதி அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ ஊருல காட்டுத்தீப் புகை மூடி, பட்டப்பகல்ல வானம் ஆரஞ்சா நின்னுச்சு. சனங்க போனை நீட்டுனா படத்துல வானம் சாம்பலா வந்துச்சாம். கண்ணு முன்னால ஊரு ஆரஞ்சா நிக்கி, கையில இருக்கிற போனு 'அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லுது. வானத்துக்கு அப்படி ஒரு நெறம் வரும்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. சாயங்கால மஞ்ச வெயிலை நீ ஆட்டோவுல எடுத்தாலும் இதே கதைதான். நாள் பூரா காத்துக் கெடந்து எடுப்பே. அது வெளுத்துக் குடுக்கும். அந்த நேரத்துக்குச் சூரியன் குறியை வையி, போதும்.

கேமரா செய்யுறவனுக்கும் இது தெரியும்டே. கேனான்காரன் புதுப் பெட்டிகள்ல ஆட்டோவையே ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கான். ஒண்ணு வெள்ளையை வெள்ளையாக்கும், இன்னொண்ணு எடத்தோட வெதுவெதுப்பைக் கொஞ்சம் விட்டு வைக்கும். நிக்கான்காரன் டி850-ல 'நேச்சுரல் லைட் ஆட்டோ'ன்னு வெளி வெளிச்சத்துக்குன்னே தனியா ஒண்ணு போட்டான். நீ ஒன் பெட்டியில அந்த மெனுவைத் தொறந்து பாத்திருக்கியா? வார் பெல்ட்டு தோலா ரெக்சினான்னு மட்டும் தடவிப் பாத்திருப்பே.

சரி, வெள்ளையைக் காட்டி அளவைப் பூட்டணும்னு யாரோ சொல்லிட்டான். ஒடனே தாத்தா வேட்டியைப் புடிச்சு இழுக்கே. கைய எடுலே. இந்த வேட்டி வெள்ளையா? நல்லாப் பாரு. துவைக்கும்போது ஒங்க ஆச்சி நீலம் முக்கியிருக்கா. துணி பழசானா மஞ்சளடிக்கும், அதை மறைக்கத்தான் நீலம். இப்ப வர்ற சோப்புத் தூள்ல வெயில் பட்டா மினுங்குற சரக்கு வேற சேக்கான். கண்ணுக்குப் பளிச்சுன்னு இருக்கும். கேமராவுக்கு நீலம் நீலம்தான். நீலத்தைக் காட்டி 'இதான் வெள்ளை, எழுதிக்கோ'ன்னு சொன்னா, அது மஞ்சளை ஊத்திச் சரிக்கட்டும். சுவத்துக்கு அடிச்ச சுண்ணாம்புலயும் நீலம் கலந்திருக்கு. ஜெராக்ஸ் பேப்பர்லயும் அதே மினுக்கு. நம்ம ஊருல சுத்த வெள்ளைன்னு வந்து நிக்கிறது எதையும் நம்பாத. கட்சிக்காரன் சட்டை உட்பட.

அதுக்குத்தான் சாம்பல் அட்டைன்னு ஒண்ணு விக்கான். உன் பை மேல செலவழிச்சதுல கால்வாசி ஆவாது. 18 சதவீத சாம்பல். நீலமும் இல்ல, மஞ்சளும் இல்ல, எந்தப் பக்கமும் சாயாத நெறம். அதை எடுத்துப் பொண்ணு மூஞ்சி இருக்கிற எடத்துலயே புடிக்கணும். அவ மேல விழுற வெளிச்சம் அதுல விழணும். நீ நிக்கிற எடத்துல புடிக்காத. ஒன் நெழலும் அதுல விழக் கூடாது. ஒன் செவப்பு டீ சர்ட்டுல பட்டுத் தெறிக்கிற வெளிச்சமும் விழக் கூடாது. ஒரு படம் எடுத்து கஸ்டம்ல பூட்டு. கல்யாணத்துக்குப் போறவன் கருப்போ சாம்பலோ சட்டை போட்டா என்ன, கொறைஞ்சா போவே?

எங்க காலத்துல இம்புட்டுச் சொகுசு ஏது? ஊட்டியில ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்காரன் செஞ்ச 'இந்து' பேப்பருல கருப்பு வெள்ளை அடிச்சுக்கிட்டு இருந்த வரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல. எல்லாருமே சாம்பல்தான். மாப்பிள்ளை நெறம் கம்மியா விழுந்திட்டுன்னு எவன் சண்டைக்கு வந்தான்? கலர் வந்துச்சு, வம்பும் வந்துச்சு. வெயிலுக்குன்னு செஞ்ச பிலிம் 5,500. சினிமா லைட்டுக்குன்னு செஞ்ச பிலிம் 3,200. மாட்டுனா மாட்டுனதுதான், 36 படமும் முடியணும். குண்டு பல்புக்குக் கீழ வெயில் பிலிம்ல எடுக்கணும்னா லென்சு முன்னால 80ஏ-ன்னு நீலக் கண்ணாடி. அது ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னுரும். வெயில்ல அந்த லைட்டுப் பிலிமை ஓட்டணும்னா 85பி-ன்னு ஆரஞ்சுக் கண்ணாடி. டியூப் லைட்டுக்கு எஃப்எல்-டி. நீ ஒரு சக்கரத்தைத் திருப்புறதுக்கே கை வலிக்குதுன்னு சொல்லுதே.

அந்தக் காலத்துச் சங்கதி இன்னொண்ணு இருக்கு. அதைச் சொல்லாம விட எனக்கு மனசு வரல. கோடக் கம்பெனி, படம் கழுவுற லேபுக்கெல்லாம் ஒரு அட்டை அனுப்பும். அதுல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு சிரிச்சிட்டு இருப்பா. 'ஷெர்லி அட்டை'ன்னு பேரு. அந்தம்மா மூஞ்சி பிரிண்டுல அட்டையில உள்ளபடியே விழுந்தா மெஷின் சரியா இருக்குன்னு கணக்கு. 1950-கள்ல இருந்து பல வருசம் அப்படித்தான் ஓடுச்சு. பல நெறத்துப் பொண்ணுகளை ஒண்ணா வச்சு அட்டை வர 1990-கள் ஆயிட்டு. அதுவரைக்கும் நம்ம மூஞ்சியெல்லாம் அந்தம்மா மூஞ்சிக்கு வச்ச அளவுலதான் வெந்து வந்துச்சு. சரி, அவன் ஊரு, அவன் மெஷின். இப்ப ஒனக்கு என்ன வந்துச்சு? ஒன் லேப்டாப்ல ஒனக்கு எந்த வெள்ளைக்காரன் அட்டை அனுப்புறான்? மாநெறத்துப் பொண்ணை உக்கார வச்சு, நீலத்தை ஏத்தி, வெளிச்சத்தை ஏத்தி, சுண்ணாம்புச் சுவரோட சுவரா ஆக்கிட்டு, 'நேச்சுரல் ஸ்கின் டோன்'னு வாட்டர்மார்க்கும் போடுதே. கழுத்து ஒரு நெறம், கை ஒரு நெறம், மூஞ்சி ஒரு நெறம். பெத்த தாயே படத்தைப் பாத்து, 'இது யாரு, மாப்பிள்ளைக்குச் சித்தியா?'ன்னு கேக்கா. கருத்த தோலுக்கும் ஒரு செம்மை உண்டுடே. வெயில் பக்கம் திரும்புனா கன்னத்துல தெரியும். அதைக் கொண்டு வர்றவன்தான் போட்டோகிராபர்.

திருக்கார்த்திகைக்கு ஆச்சி வெளக்கு வரிசையை எடுத்தியே, அது மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்? நம்பரை அடியோட எறக்கி எடுத்து, அகல் வெளக்கு சுடரை எல்லாம் ஆஸ்பத்திரி லைட்டாக்கிட்டே. எண்ணெய் வெளக்கு மஞ்சளாத்தான் எரியும். எரிஞ்சா எரியட்டுமே, ஒனக்கு என்ன நட்டம்? அதை வெளுக்குறதுக்கு நீ யாரு? 3,500 பக்கம் வையி. மூஞ்சியும் தெரியும், வெளக்கும் வெளக்கா இருக்கும். நெறம் சரியா இருக்கணும்னா எல்லாத்தையும் வெளுக்கணும்னு ஒனக்கு எந்த வாத்தியாரு சொன்னான்? ராத்திரி ராத்திரியா இருக்கணும். அந்தி அந்தியா இருக்கணும். நீ பாத்ததைத்தானே நாங்க பாக்கக் கேக்கோம்?

'ரா-ல எடுக்கேன் தாத்தா, பொறவு மாத்திக்கிடலாம்'னு ஒரு பதிலை எப்பவும் பையில வச்சிருக்கே. வாஸ்தவம்தான். ரா பைல்ல ஒயிட் பேலன்ஸ் சும்மா ஒட்டி வச்ச சீட்டு, கிழிச்சிட்டு வேற ஒட்டலாம். ஜேபெக்ல அது சாயத்தோட ஊறிப் போயிரும், உருவுனா துணி கிழியும். ரா-ல எடு, வேணாம்னு சொல்லல. ஆனா பத்து நாள் கழிச்சு உக்காந்து மாத்துவியே, அன்னைக்கு அந்தச் சேலை எந்த நெறம்னு ஒனக்கு ஞாபகம் இருக்குமா? ஒரு படம் சாம்பல் அட்டையோட எடுத்திருந்தா அது சாட்சி சொல்லும். இல்லன்னா பொண்ணு வீட்டுக்குப் போன் போட்டு, 'அக்கா, சேலை என்ன கலரு?'ன்னு கேக்கணும். அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு, லேப்டாப்ல கண்ணு கூசாம இருக்கணும்னு மஞ்சள் போர்வையைப் போட்டுக்கிட்டு மாத்துதே. நைட் லைட்னு பேரு அதுக்கு. அதை அமத்தாம கலரு பாக்குறவன் காமாலைக் கண்ணாடி மாட்டிக்கிட்டு நெறம் சொல்லுறவன்தான்.

இப்ப நாளைக்கழிச்சு மண்டபத்துல வரவேற்பு எடுக்கப் போறே. அதுக்குச் சொல்லுதேன், காதைக் குடு. சன்னல் வழியா வெயில் ஒரு பக்கம், மண்டபத்துக்காரன் மாட்டுன மஞ்ச பல்பு இன்னொரு பக்கம்னு இருந்தா ஒரே மூஞ்சியில ரெண்டு நெறம் விழும். ரெண்டுக்கும் சேந்து ஒரு நம்பரு கெடையாது. ஒண்ணை அமத்து, இல்ல சன்னலுக்குத் திரையை இழு. ஒன் பிளாஷ் 5,500 பக்கம் அடிக்கும். சுத்தி எல்லாம் மஞ்ச பல்புன்னா பிளாஷ் மூஞ்சியில ஆரஞ்சு ஜெல்லை ஒட்டி, கேமராவைப் பல்பு அளவுக்கு எறக்கு. அப்பத்தான் பொண்ணு ஒரு ஊருலயும் மண்டபம் ஒரு ஊருலயுமா நிக்காது. பழைய டியூப் லைட் இருந்தா அது நம்ம கரண்டுல நொடிக்கு 100 தரம் கூடிக் கொறையும். ஷட்டரை 500-ல வச்சா படத்துக்குப் படம் நெறம் மாறும். 100-க்கு எறக்கு. பந்தல்ல செவப்புத் துணி கட்டியிருந்தா அந்தச் செவப்பு எல்லாத் தலையிலயும் விழும். அதுக்கு மருந்து கிடையாது. வெளிய கூட்டிட்டு வா.

மேடையில ஊதாவும் நீலமுமா எல்இடி சுத்த விடுவான் பாரு, அதுதான் எமன். ஊதா எல்இடியில பச்சை வெளிச்சம் பேருக்குத்தான் இருக்கும். நீலத்துல செவப்பு சுத்தமா இருக்காது. வந்து விழாத நெறத்தைக் கெல்வினைத் திருப்பி எங்கருந்து கொண்டு வருவே? தலைகீழா நின்னாலும் பொண்ணு கத்தரிக்கா நெறத்துலதான் நிப்பா. பொறவு எடிட்ல உக்காந்து அழுது புண்ணியம் இல்ல. மூஞ்சிக்கு நேரா வெள்ளை லைட்டு ரெண்டு போடச் சொல்லு. அந்த ஊதா லைட்டை அவங்க பின்னால சுவத்துல விளையாட விடு. டெக்கரேஷன்காரன் மொறைப்பான். மொறைக்கட்டும். இதை மண்டபத்துல போயி அன்னைக்குப் பேசாத. அட்வான்ஸ் வாங்கும்போதே பொண்ணோட அப்பாகிட்டச் சொல்லி வச்சிரு.